சாவி யார் கையில்?

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான் போச்சம்பள்ளி. அங்கேதான் ஓலா மின்ஸ்கூட்டர் தயாராகிறது. பத்தாயிரம் பெண்களை வைத்தே ஆலையை நடத்துவோம் என்று 2021இல் அறிவித்தார்கள். ஏதர் வண்டி ஓசூரில். செய்கிற கை நம்ம ஜில்லாவின் கை. சரி, கடன்பட்டு வாங்குகிறவருக்காவது அந்த வண்டி சொந்தமா?

இல்லை என்கிறேன். சக்கரம் உனக்கு, பேட்டரி உனக்கு. அதையெல்லாம் ஆட்டிவைக்கிற மென்பொருள் கம்பெனிக்கு. ஏதரில் சில வசதிகள் 'புரோ பேக்' என்று தனிக்காசு கட்டினால்தான் திறக்கும். ஓலாவில் அதுக்கு 'மூவ் ஓஎஸ் பிளஸ்' என்று பேர். நம்ம வீட்டு அறைக்கு நாமே வாடகை குடுக்கிற கதை. தெருமுனை மெக்கானிக்குக்கு நட்டு போல்ட்டு அத்துப்படி. உள்ளே கம்பெனி எழுதி வைத்திருப்பதைப் படிக்க மட்டும் அவனுக்கு அனுமதி கிடையாது. படிக்காதே, தொடாதே. இந்த ரெண்டு வார்த்தையையும் நாம எங்கே கேட்டோம்னு உங்களுக்குச் சொல்லணுமா?

சட்டம் என்ன சொல்லுது? 1957 பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவு: முறைப்படி கிடைத்த மென்பொருளை வியாபாரம் இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு மாற்றிக்கொள்வது மீறல் அல்ல. 2012இல் சேர்த்த 65ஏ, பூட்டை உடைப்பவனுக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. அதுவும் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான். ஆக, காகிதத்தில் உரிமை இருக்கு. சாவிதான் இல்லை.

மகாத் குளமும் இப்படித்தான். பொதுக்குளங்கள் எல்லோருக்கும் என்று 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் சரி என்றது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் இறங்கி அள்ளிக் குடிக்கிற வரைக்கும் தீர்மானம் காகிதமாகவே கிடந்தது. குளத்துத் தண்ணியும் ஸ்கூட்டரும் ஒன்றா என்று தோழர்கள் கோபிக்கலாம். ஒன்றல்ல. உரிமையைக் குடுத்துட்டு வழியை அடைக்கிற தந்திரம் மட்டும் ஒன்று.

பாதுகாப்புக்குத்தான் பூட்டு என்பான் கம்பெனிக்காரன். 2022 மார்ச்சில் புனே தெருவில் ஓலா வண்டி எரிந்தது. அடுத்த மாதம் 1,441 வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். பூட்டு போட்டுத்தானே இருந்தது? பிரேக்குக்கும் பேட்டரிக்கும் அரசு தரம் வைக்கட்டும், மாற்றிய வண்டியைச் சோதிக்கட்டும். அதற்குப் பெயர் பாதுகாப்பு.

வண்டியோடு சாவியும் விவரக் குறிப்பும் வாங்கினவர் கைக்கு வரணும். 52ஆம் பிரிவு சொந்த உபயோகத்தோடு நின்றுவிடுகிறது. கூலிக்குப் பழுது பார்க்கிறவனையும் அதில் சேர்க்கணும். ஐடிஐ முடித்த நம்ம பிள்ளைகள் பிழைப்பு அதில் இருக்கு. ஓசூர் சங்கக் கூட்டங்களில் கூலி, கேண்டீன், கம்பெனி பஸ் பற்றிப் பேசுகிற தோழர்கள் அடுத்த கோரிக்கைத் தாளில் இதையும் எழுதுங்கள்.