வைத்தியருக்கு வில்லங்கம் பார்க்க வேண்டாமா?

நாஞ்சில் நாட்டில் ஒரு கோட்டை விதைப்பாடு வயல் வாங்குகிறவனும் ரிஜிஸ்டர் கச்சேரியில் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. அவனே சஸ்திர சிகிச்சைக்காகத் தன் உடலை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, அவர் முன்னர் தண்டனை பெற்றவரா என்று அறிய வகையின்றி நிற்கிறான். மண்ணுக்குள்ள காவல் உயிருக்கு இல்லை.

சட்டம் அடியோடு மௌனமாயிருக்கிறதென்று நாம் சொல்லவில்லை. 2002-ம் வருஷத்து ஒழுக்க விதிகள், வைத்தியர் தம் பதிவு எண்ணை வைத்தியசாலையிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டுமென்கின்றன. பதிவேட்டிலிருந்து ஒருவர் பெயர் நீக்கப்பட்டால் உள்ளூர்ப் பத்திரிகைகளில் அதைப் பிரசுரிக்க வேண்டுமென்றும் கூறுகின்றன. எச்சரிக்கையைப் பற்றியோ அத்தகைய விதி இல்லை. அன்றியும், ஒரு நாள் பத்திரிகையில் வந்த செய்தியை ஐந்து வருஷம் கழித்து நோயாளி எங்கே தேடுவான்?

நம் ஜில்லாவுக்கு மற்றுமொரு சங்கடமுண்டு. 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழகத்தோடு இணைந்தோம். ஆயினும் கடும் வியாதிக்குத் திருவனந்தபுரம் செல்வோர் இன்றும் பலர். களியக்காவிளைக்கு இப்பால் ஒரு வைத்தியக் கவுன்சில், அப்பால் மற்றொன்று. ஏழைக் குடியானவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

பொய்ப் புகாரால் மானம் போகுமே என்று வைத்தியர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. புகார் வேறு, தீர்ப்பு வேறு என்பதை வக்கீல் தொழில் நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆதலின் விசாரணையும் அப்பீலும் முடிந்த உத்தரவை மட்டுமே நாம் கேட்கிறோம். இங்கிலாந்தின் வைத்தியக் கவுன்சில், வைத்தியர் பெற்ற தண்டனைகளைத் தன் பதிவேட்டிலேயே பொதுஜனங்கள் பார்க்கும்படி காட்டுகிறது. அதனால் அந்நாட்டில் வைத்தியத் தொழில் அழிந்துவிடவில்லை. அமெரிக்கா 1990-ல் திறந்த தேசியத் தகவல் களஞ்சியமோ ஆஸ்பத்திரிகளுக்குத் திறந்தும் நோயாளிக்கு மூடியும் இருக்கிறது. நாம் பின்பற்றத் தக்க வழி அதுவன்று.

சிகிச்சையின் தன்மையையும் அபாயத்தையும் அறிந்து தரும் சம்மதமே சம்மதமென்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. கத்தி பிடிக்கும் கையைப் பற்றி அறியாமல் தரும் சம்மதம் எங்ஙனம் முழுமையாகும்?

உத்தரவு, அதன் காரணம், தண்டனைக் காலம் ஆகிய மூன்றும் பதிவு எண்ணைச் சொன்ன மாத்திரத்தில், தமிழில், கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். இரு மாநிலக் கவுன்சில்களும் இதை ஒருமிக்கச் செய்தல் வேண்டும். நெய்யூரில் 1838 முதல் வைத்தியர்கள் ஈட்டிவந்த நம்பிக்கை வெளிச்சத்தால் குறையாது. யோக்கியமான வைத்தியருக்கு இதனால் நஷ்டமில்லை. மறைவினால் லாபமடைகிறவர் யாரென்பதைச் சர்க்கார் யோசிக்கட்டும்.