வேலையைப் பறிக்க எஜமானனுக்கு ஏது உரிமை?

தியாகராய நகர் ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடையில் புடவை மடிக்கும் ஒரு பெண். மயிலாப்பூர் பாத்திரக் கடையில் கணக்கு எழுதும் ஒரு இளைஞர். அடையாறு ஆபீஸ் ஒன்றில் ஒரு குமாஸ்தா. இவர்களில் ஒருவர் தம் பாலினத்தவரையே நேசிப்பவர் என்ற சேதி முதலாளியின் காதுக்குப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மறுநாள் காலை, "கணக்கை முடித்துக்கொண்டு போ" என்கிறான். அவர் திருடினாரா? வேலையில் சோம்பினாரா? ஒன்றுமில்லை. யாரை நேசிக்கிறார் என்பதே குற்றம்!

இந்த அக்கிரமத்தைத் தடுக்க நேரடியாக ஒரு சட்டம் இந்த நாட்டில் உண்டா? இல்லை, தோழர்களே!

சிறை போயிற்று, பசி போகவில்லை

வெள்ளைக்காரன் 1860-ல் எழுதி வைத்த பீனல் கோடின் 377-வது பிரிவு இவர்களைக் குற்றவாளிகள் என்றது. 2018 செப்டம்பர் 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், வயது வந்தவர்கள் மனமொப்பி வாழ்வது குற்றமல்ல என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து பால் வேற்றுமை பாராட்டக் கூடாது என்கிறதே, அது இவர்களுக்கும் பொருந்தும் என்றார்கள்.

நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த ஷரத்து முக்கியமாகக் கட்டுப்படுத்துவது சர்க்காரை. வேலை சம்பந்தமான 16-வது ஷரத்தும் சர்க்கார் வேலைக்குத்தான். தனியார் முதலாளியின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் அது போய் நிற்காது.

2021 ஜூன் 7-ம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டார். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரண்டு பெண்களின் வழக்கு அது. இவர்களைப் போலீஸ் துன்புறுத்தக் கூடாது, "குணப்படுத்துகிறேன்" என்று வைத்தியர்கள் கிளம்பக் கூடாது என்றார். 2022-ல் தமிழ்நாட்டுப் போலீசாரின் நடத்தை விதியே திருத்தப்பட்டது. லத்தி பிடித்தவனுக்குக்கூட விதி வந்துவிட்டது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் விதி இல்லை!

திருநங்கை, திருநம்பிகளுக்கு 2019-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. வேலையில் பாரபட்சம் கூடாது என்று அதன் 9-வது பிரிவு சொன்னது. தன்பாலினரை நேசிப்போருக்கு அப்படி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. 29 தொழிலாளர் சட்டங்களை விழுங்கி, 2025 நவம்பர் 21-ல் மத்திய சர்க்கார் அமுலுக்குக் கொண்டுவந்த நான்கு தொகுப்புகளில் தேடிப் பாருங்கள். அங்கும் இல்லை. முதலாளிக்குச் சலுகை கொடுக்க நேரமிருந்தது, இதற்கு நேரமில்லை!

"நமக்கென்ன இதில்?"

சில தோழர்கள் கேட்பார்கள்: "கூலிப் போராட்டம் இருக்கும்போது இது எதற்கு? இது பங்களாவாசிகளின் பிரச்னை அல்லவா?"

பங்களாவாசியை யார் வேலையிலிருந்து நீக்கப் போகிறார்கள்? அவனுக்குச் சொத்து இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். தி. நகர் கடைகளில் நாளெல்லாம் நிற்பவர்கள் யார்? தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்த நம் விவசாயக் கூலிகளின் பிள்ளைகளும் அல்லவா? அவர்களில் பலர் தூங்குவது கடைக்காரன் கொடுத்த விடுதியில், சாப்பிடுவது கடைக்காரன் போடும் சோறு. அவர்களுக்கு வேலை போனால் அன்றிரவே படுக்கையும் போகிறது, சோறும் போகிறது. ஊருக்குத் திரும்பினாலோ, காரணம் கேட்டு வீடே அடிக்க வரும். இது வயிற்றுப் பிரச்னை, தோழர்களே!

இன்னொன்றும் யோசியுங்கள். ஒரு தொழிலாளியின் ரகசியம் முதலாளி கையில் சிக்கினால் என்ன ஆகும்? "சங்கத்தில் சேர்ந்தால் ஊருக்குச் சொல்லுவேன்" என்று மிரட்ட அது ஒரு கயிறு. ஜாதியைக் காட்டி நம்மைப் பிரித்த அதே கைதான் இந்தக் கயிற்றையும் பிடிக்கிறது.

உலகத் தொழிலாளி இதை உணர்ந்திருக்கிறான். 1984-85-ல் பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளிகள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தபோது, தன்பாலினரை நேசிப்போர் லண்டன் தெருக்களில் உண்டியல் குலுக்கி அவர்களுக்குப் பணம் சேர்த்தார்கள். 1985-ல் அவர்களுடைய ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளிகள் சங்கக் கொடியோடு வந்து நடந்தார்கள். அந்த ஆண்டு லேபர் கட்சி மாநாட்டில் அவர்கள் உரிமைத் தீர்மானத்துக்குச் சுரங்கச் சங்கம் ஆதரவு தந்தது. 2003-ல் அந்த நாட்டில் வேலைப் பாதுகாப்பு விதியும் வந்தது. சோஷலிஸ்ட் கியூபா 2013-ல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

நாற்காலியைப் பெற்றோம், இதையும் பெறுவோம்

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று சலிக்க வேண்டாம். கடைத் தொழிலாளி உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டபோதும் சிரித்தார்கள். கேரளத்தில் 2018-ல் சட்டம் வந்தது. 2021-ல் தமிழ்நாட்டு சர்க்காரும் 1947-ம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்காரும் உரிமையைச் சேர்த்தது.

அதே சட்டத்தின் 41-வது பிரிவைப் பாருங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை "நியாயமான காரணம்" இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. எது நியாயமான காரணம்? முதலாளி தன் அருவருப்பையே காரணம் என்பான். "வாடிக்கைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை" என்பான். அந்த வாயை அடைக்க ஒரு வரி போதும்.

நாம் கோருவது இவை:

1. ஒருவர் யாரை நேசிக்கிறார் என்பது வேலை நீக்கத்துக்குக் காரணமாகாது என்று 41-வது பிரிவில் எழுது! வேலைக்கு எடுப்பதிலும், கூலியிலும், பதவி உயர்விலும் இந்தப் பாரபட்சத்தைத் தடை செய்!

2. ஆலை, ஓட்டல், வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் இதை விஸ்தரி! மீறும் முதலாளிக்குத் தண்டனை கொடு. நீக்கப்பட்டவருக்கு மீண்டும் வேலை கொடு!

3. புகார் சொல்பவரின் பெயர் வெளியில் வராமல் விசாரணை நடத்து!

சங்கத் தோழர்களுக்கு ஒரு வேலை இன்றே இருக்கிறது. இப்படி ஒருவர் சங்க வாசலுக்கு வந்தால் அவர் கதையைக் கிண்டாதீர்கள், கேலி பேசாதீர்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, வேலை நீக்க வழக்காக அவர் மனுவை எழுதுங்கள். வருகிற மகாசபையிலேயே இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக்கி அனுப்புங்கள்.

உழைப்பை வாங்கியவன் உழைப்புக்குக் கூலி கொடுக்கட்டும். தொழிலாளியின் நெஞ்சை அவன் விலைக்கு வாங்கவில்லை!