சிராங்கூன் சாலையைச் சுற்றிக்கொண்டு போகும் விளம்பரப் பணம்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா ஒளியூட்டு பற்றிய தமிழ்ச் செய்தி ஒன்றைக் கைப்பேசியில் திறந்தால், இரண்டாவது பத்திக்கும் மூன்றாவது பத்திக்கும் நடுவே ஏதோ ஒரு விளையாட்டுச் செயலியின் விளம்பரம் வந்து நிற்கும். அதே மாலையில் கேம்பல் லேனிலும் தேக்கா நிலையத்தின் மாடித் துணிக்கடைகளிலும் வாடிக்கையாளரைத் தேடி வியாபாரிகள் காத்திருப்பார்கள். வாங்குகிறவர் இங்கே, விற்கிறவரும் இங்கே; விளம்பரப் பணம் மட்டும் உலகைச் சுற்றுகிறது. வருமானம் போதவில்லை என்று தவிக்கும் சிறிய தமிழ் இணையத்தளங்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் ஆலோசனை, இன்னொரு விளம்பர நிறுவனத்தைத் தளத்தில் சேருங்கள் என்பது. அது முதலில் செய்ய வேண்டிய வேலை அல்ல, கடைசியில் செய்ய வேண்டியது என்பதே என் வாதம்.

பல விளம்பர நிறுவனங்களைச் சேர்ப்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களை அது ஏற்றுக்கொண்டது 2018இல்தான். அதுவரை தமிழில் எழுதியவர்களுக்கு அந்தக் கதவே திறக்கவில்லை. ஒரே இடத்தை நம்பியிருந்தால் அவர்கள் வைத்ததுதான் விலை. இரண்டு மூன்று நிறுவனங்கள் ஒரே விளம்பர இடத்துக்கு ஒரே நேரத்தில் ஏலம் கேட்டால் விலை ஏறும், அது உண்மை. ஆனால் நான்காவது, ஐந்தாவது என்று போகும்போது புதிய விளம்பரதாரர்கள் வருவது குறைவு. ஏற்கெனவே கேட்டவர்களே வேறு தரகர் வழியாக மறுபடி வருகிறார்கள், ஒவ்வொரு தரகரும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார். பிரிட்டிஷ் விளம்பரதாரர் சங்கத்துக்காக பிடபிள்யூசி நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரதாரர் செலவிட்ட பணத்தில் 51 விழுக்காடுதான் பதிப்பாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 15 விழுக்காடு எங்கே போனது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா கூட்டரசு நீதிமன்றம், பதிப்பாளர்களுக்கான விளம்பரக் கருவியிலும் விளம்பரச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோக ஆதிக்கம் செலுத்தியது என்று தீர்ப்பளித்தது. ஏலக்கடையை நடத்துகிறவரே வாங்குவோருக்கும் விற்போருக்கும் தரகராக இருக்கும் சந்தை இது.

இதில் வாசகர் கொடுக்கும் விலை தனி. ஒவ்வொரு நிறுவனத்தின் நிரலும் பக்கத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாக்குகிறது. எம்ஆர்டியில் நின்றபடி படிக்கிறவர் காத்திருக்காமல் மூடிவிடுகிறார். அதைவிட எனக்குக் கவலை தருவது விளம்பரத்தின் தரம். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோனது 110 கோடி வெள்ளிக்கு மேல். யார் என்றே தெரியாத தரகர் அனுப்பும் போலி வேலை, போலி முதலீட்டு விளம்பரம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியரின் கைப்பேசியில் நம் தமிழ்ச் செய்திக்குப் பக்கத்தில் தெரிந்தால், அவர் அந்தத் தளத்தை நம்பித்தான் அதைத் தொடுவார். சில காசுக்காக அந்த நம்பிக்கையை விற்கலாகாது.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு. தலைகளை எண்ணும் ஏல இயந்திரத்துக்கு இது அற்பமான கூட்டம். சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரருக்கோ, ஊருக்குப் பணம் அனுப்பும் நிறுவனத்துக்கோ, இதைவிடக் கச்சிதமான கூட்டம் வேறெங்கும் கிடைக்காது. கணக்கு போட்டுப் பாருங்கள். ஏலத்தில் ஆயிரம் முறை காட்டினால் ஒரு வெள்ளி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 வெள்ளி சேர விளம்பரத்தை மூன்று லட்சம் முறை காட்டியாக வேண்டும். ஒரே ஒரு கடை மாதம் 300 வெள்ளி கொடுக்கச் சம்மதித்தால் அந்தச் சுமை மொத்தமும் இறங்கிவிடும், இடையில் பங்கு கேட்கவும் ஆளில்லை.

கடைக்காரர்கள் ஃபேஸ்புக்குக்கும் டிக்டாக்குக்கும் போய்விட்டார்களே, விளம்பரம் பிடிக்க நம்மிடம் ஆள் எங்கே என்று கேட்பார்கள். கேட்பது சரிதான். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழுக்கு இன்று எஸ்பிஎச் மீடியா பின்னால் இருக்கிறது; அந்த நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 18 கோடி வெள்ளி வரை தருவதாக 2022இல் அரசாங்கம் அறிவித்தது. இரண்டு மூன்று பேர் நடத்தும் இதழுக்கும் தளத்துக்கும் அந்தத் துணை இல்லை. அதனால்தான் அவர்கள் தனித்தனியாக அலையாமல், நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே விலைப்பட்டியலோடு, ஒரே விற்பனையாளரை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்கிறேன். லிட்டில் இந்தியா வர்த்தகர், மரபுடைமைச் சங்கமான லிஷாவோடு பேசினால் ஒரே மேசையில் பல கடைகளைச் சந்திக்கலாம். கடைக்காரர் கேட்பது ஆதாரம். சிங்கப்பூருக்குள்ளிருந்து படித்தவர் எத்தனை பேர், விளம்பரத்திலிருந்து கடைக்கு வாட்ஸ்அப் செய்தவர் எத்தனை பேர் என்று மாதாமாதம் காட்ட வேண்டும். காட்ட முடியாதவரைத் தேடி அவர் ஏன் வரவேண்டும்?

விற்காமல் மிஞ்சும் இடத்தையும், தமிழ்நாட்டிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் படிக்கிறவர்களுக்கான பக்கங்களையும் இரண்டு, மிஞ்சினால் மூன்று நிறுவனங்களிடம் விடலாம். கடன், சூதாட்டம், குறுக்குவழி முதலீடு ஆகிய வகைகளை அடைத்துவிட்டு, குறைந்தபட்ச விலையையும் நிர்ணயித்த பிறகே விட வேண்டும். பண்டிகை விளம்பரத்துக்கான பணத்தைக் கடைகள் ஒளியூட்டு தொடங்குவதற்கு வெகு முன்பே ஒதுக்கிவிடும் என்பதால், தீபாவளிக்கான விலைப்பட்டியலை எடுத்துக்கொண்டு ஜூன் மாதமே சிராங்கூன் சாலையில் இறங்கியாக வேண்டும்.