வேலை வேண்டி ஒரு கடிதம்

நம் இல்லங்கள் பலவற்றில் உணவறைச் சுவரிலே 'இறுதி இராவுணவு' ஓவியத்தின் நகல் ஒன்று தொங்குவதைக் காண்கின்றோம். அதனைத் தீட்டிய லியனார்டோ டா வின்சியும் ஒரு காலத்தில் வேலை வேண்டிக் கடிதம் ஆயத்தம் செய்தவரே என்பதை நம் இளைஞர் பலர் அறியார். மிலான் நகரை ஆண்ட லுடோவிக்கோ ஸ்போர்சாவுக்கென ஏறத்தாழ 1482-ஆம் ஆண்டில் அவர் எழுதுவித்த கடிதத்தின் வரைவு, அந்நகரிலுள்ள அம்புரோசியானா நூலகத்தில் இன்றும் காக்கப்படுகின்றது.

அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 30. தாம் ஓவியர் என்றா கடிதத்தைத் தொடங்கினார்? இல்லை. எளிதில் தூக்கிச் செல்லத்தக்க பாலங்கள், அகழி நீரை வடிக்கும் முறை, பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் எனத் தம்மால் ஆகக்கூடியவற்றை வரிசைப்படுத்தினார். அமைதிக் காலத்துக்குரிய கட்டடக் கலையைப் பத்தாவதாகவே கூறினார். சிற்பமும் ஓவியமும் அதற்கும் பின்னரே வந்தன. ஆட்சியாளருக்குப் போரைப் பற்றிய கவலை இருந்தது. ஆகவே அவருடைய தேவையிலிருந்தே கடிதம் தொடங்கிற்று. ஐயம் எழுமாயின் நேரில் செய்து காட்டவும் ஆயத்தம் என்று முடித்தார்.

நம் பிள்ளைகள் எழுதும் கடிதங்களோ பெரும்பாலும் வேறுவிதம். "ஏழைக் குடும்பத்திற் பிறந்தேன், தங்கைக்கு மணம் முடிக்க வேண்டும், தயைகூர்ந்து வேலை தந்து உதவுக" என்று எழுதுகின்றனர். அத்துன்பம் மெய்யே, அதனை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் வேலை தருபவர் தம் மனத்துள் கேட்பது ஒன்றே: "இவர் என் பணியைச் செய்து முடிப்பாரா?" அதற்கு விடை தராத கடிதம் இரக்கத்தை எழுப்பலாம், வேலையைப் பெற்றுத் தருவது அரிது.

எனவே முதற் பத்தியில், எந்தப் பதவிக்கு எழுதுகின்றோம், அவ்விளம்பரத்தை எங்கே கண்டோம் என்பதைக் கூறுவோம். இரண்டாம் பத்தியில், விளம்பரம் கேட்கும் தகுதிகளில் முதன்மையான இரண்டை எடுத்துச் சான்றோடு காட்டுவோம். "நான் நேர்மையானவன், கடும் உழைப்பாளி" என்பது எவரும் எழுதக்கூடியது. "பங்கு இளைஞர் குழுவின் வரவுசெலவை இரண்டு ஆண்டுகள் எழுதி, ஆண்டுதோறும் கணக்கை ஒப்படைத்தேன்" என்பது அதைச் செய்தவர் மட்டுமே எழுதக்கூடியது. முன் அனுபவம் இல்லையே என்று ஏங்கும் பிள்ளைகள் இதனைக் கருதுவாராக. இறுதிப் பத்தியில், நேர்முகத்துக்கு வர இயலும் நாளையும் தொலைபேசி எண்ணையும் குறித்து நன்றி கூறுவோம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டா.

மின்னஞ்சலில் அனுப்புவோர் பொருள் வரியில் பதவியின் பெயரைக் குறிப்பது நன்று. ஒரே கடிதத்தைப் பத்து நிறுவனங்களுக்கு அனுப்புங்கால், பழைய நிறுவனத்தின் பெயர் மாறாமல் நின்றுவிடுவதும் உண்டு. அந்த ஒரு பிழையே போதும், கடிதம் ஒதுக்கப்படுவதற்கு.

இந்நாளில் கணினியே நொடிப்பொழுதில் அழகிய கடிதம் எழுதித் தருகின்றது. ஆனால் நேர்முக அறையிலே ஒவ்வொரு வரிக்கும் விடை கூறவேண்டியது நம் நாவன்றோ? செய்யாததைச் செய்ததாக எழுதிய வரி அங்கே நம்மைத் தலைகுனிய வைக்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். கடிதத்தை அனுப்புமுன் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்; அவன் செய்த நற்காரியம் ஏதேனும் விடுபட்டிருப்பின் நினைவூட்டுங்கள். மறுமொழி வராத கடிதங்களை எண்ணி, "அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று சொல்லாதிருங்கள். ஒரு விளம்பரத்துக்கு நூறு பேர் எழுதினால் தொண்ணூற்றொன்பது பேருக்கு ஏமாற்றமே. அத்தொண்ணூற்றொன்பதின்மரும் தகுதியற்றோர் அல்லர். அடுத்த கடிதத்தை எழுத அமரும் பிள்ளைக்கு வீட்டில் ஓர் ஆதரவான சொல் கிடைக்குமாயின், அவன் எழுதும் எழுத்திலும் அத்தெம்பு தெரியும்.