ஆப்பிரிக்கா போய் குழந்தையைத் தத்தெடுத்து வர முடியுமா? சட்டம் சொல்வது என்ன, சென்னை சம்பவம் சொல்வது என்ன?

இந்தியாவில் குழந்தை தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் 36,000-க்கும் மேல். சட்டப்படி தத்துக்கொடுக்கத் தயார் நிலையில் இருக்கும் குழந்தைகள் சுமார் 2,650. இது 2025 ஜூலை நிலவரம். அதாவது ஒரு குழந்தைக்கு 13 விண்ணப்பங்களுக்கு மேல். பதிவு செய்தவர்கள் சராசரியாக மூன்றரை வருஷம் காத்திருக்கிறார்கள்.

இந்த வரிசையில் நின்று களைத்துப் போனவர்களுக்கு ஒரு கேள்வி வருவது இயல்புதான். "ஆப்பிரிக்காவில் எத்தனையோ ஆதரவற்ற குழந்தைகள் இருக்காங்களே, அங்கே போய் ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வரக்கூடாதா?" ஏஞ்சலினா ஜோலி 2005-ல் எத்தியோப்பியாவில் இருந்தும், மடோனா 2006-ல் மலாவியில் இருந்தும் குழந்தைகளை அழைத்து வந்ததை உலகமே டிவியில் பார்த்தது.

சுருக்கமான பதில் இதுதான்: சட்டத்தில் வழி இருக்கு, ஆனா ரொம்பக் குறுகலான வழி. டிக்கெட் போட்டுப் போய், அனாதை இல்லத்தில் ஒரு குழந்தையைப் பார்த்து, கையோடு கூட்டி வர முடியாது. ஏன் இவ்வளவு கெடுபிடி? அதற்கான காரணம் ஆப்பிரிக்காவில் மட்டும் இல்லை, சென்னை புளியந்தோப்பிலும் இருக்கிறது.

ஆப்பிரிக்க நாடுகள் ஏன் கதவை மூடின?

ஒரு காலத்தில் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு எத்தியோப்பியா பெரிய மையமாக இருந்தது. 2010-ம் ஆண்டில் மட்டும் அங்கிருந்து சுமார் 2,500 குழந்தைகள் அமெரிக்காவுக்குத் தத்து போனார்கள். அதே எத்தியோப்பியாவின் நாடாளுமன்றம் 2018 ஜனவரியில் வெளிநாட்டவர் தத்தெடுப்பதற்கு முழுத் தடை விதித்தது.

என்ன நடந்தது? அனாதை என்று அனுப்பப்பட்ட குழந்தைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தது தெரியவந்தது. "பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கிறாங்க, படிச்சு முடிச்சதும் திரும்பி வரும்" என்று நம்பித்தான் சில குடும்பங்கள் கையெழுத்துப் போட்டிருந்தன. நம்ம ஊரில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்துவிடுவது போல அவர்கள் இதை நினைத்தார்கள். தத்து என்றால் சட்டப்படி உறவே முறிந்துவிடும் என்பதை யாரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை.

உகாண்டாவிலும் இதே கதைதான். தொலைதூரக் கிராமங்களுக்குப் போய், படிக்க வைக்கிறோம் என்று சொல்லி, குழந்தைகளைத் தலைநகர் கம்பாலாவில் உள்ள உரிமம் இல்லாத காப்பகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது ஒரு கும்பல். அவர்களைத் தத்தெடுத்தது அமெரிக்கக் குடும்பங்கள். இந்த விவகாரத்தில் 2020 ஆகஸ்டில் உகாண்டா நீதிபதிகள் 2 பேர் உட்பட 4 பேர் மீது அமெரிக்க நிதித்துறை தடை விதித்தது. தீர்ப்பு எழுதும் இடம் வரைக்கும் பணம் பாய்ந்திருந்தது என்பதுதான் குற்றச்சாட்டு.

2007-ல் சாட் நாட்டில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்று 103 குழந்தைகளை விமானத்தில் ஏற்றிப் பிரான்ஸுக்குக் கொண்டுபோக முயன்றபோது பிடிபட்டது. சூடானின் தார்ஃபூர் போரில் பெற்றோரை இழந்தவர்கள் என்று அந்தக் குழந்தைகளைச் சொன்னார்கள். விசாரித்தால், பெரும்பாலானவர்கள் சாட் நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகள். பெற்றோரும் இருந்தார்கள்.

குழந்தைகளின் உரிமைகளுக்காக ஆப்பிரிக்க நாடுகள் 1990-ல் உருவாக்கிய சாசனம், வெளிநாட்டுக்குத் தத்துக்கொடுப்பதைக் கடைசி வழி என்றுதான் சொல்கிறது. முதலில் பெற்றவர்கள், அடுத்து சொந்தக்காரர்கள், அடுத்து சொந்த நாடு, இதில் எதுவுமே இல்லை என்றால்தான் வெளிநாடு.

சென்னையில் என்ன நடந்தது?

இதையெல்லாம் ஏதோ தூரத்து நாட்டுச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. 2005-ல் சென்னை போலீஸ் ஒரு குழந்தைக் கடத்தல் கும்பலைப் பிடித்தது. விசாரணையில், 1990-களின் கடைசியில் நகரின் ஏழைகள் வாழும் பகுதிகளில் காணாமல் போன குழந்தைகளின் கதை வெளியே வந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, நடைபாதையில் அம்மா பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை என்று தூக்கிப்போய், மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற காப்பகத்திடம் விற்றிருந்தார்கள்.

காப்பகத்தில் குழந்தைக்குப் புதுப் பெயர் வைக்கப்பட்டது. "என்னால் வளர்க்க முடியவில்லை, ஒப்படைக்கிறேன்" என்று யாரோ ஒரு பெண் அம்மாவாகக் கையெழுத்துப் போட்ட பத்திரம் தயாரானது. பிறகு எல்லாமே முறைப்படி நடந்தது போலத்தான் இருந்தது. குழந்தைகள் ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் போனார்கள். வழக்கு பின்னர் சிபிஐ கைக்குப் போனது.

புளியந்தோப்பு வட்டாரத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு பெற்றோர், அவன் நெதர்லாந்தில் வளர்வதாக அறிந்து அங்கே வழக்குத் தொடர்ந்தார்கள். டிஎன்ஏ பரிசோதனை செய்து பாருங்கள் என்பதுதான் கோரிக்கை. சிறுவனைப் பரிசோதனைக்குக் கட்டாயப்படுத்த 2010-ல் நெதர்லாந்து நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதில் யார் பக்கம் நியாயம் என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது. பெற்றவர்களிடம் இருந்து பிள்ளை திருடப்பட்டிருக்கிறது. வளர்த்தவர்களோ அரசு முத்திரை குத்திய காகிதத்தை நம்பித்தான் வளர்த்தார்கள். அந்தச் சிறுவனுக்குத் தெரிந்த வீடு, மொழி, அம்மா எல்லாம் அங்கேதான். தவறு நடந்து 10 வருஷம் கழித்து எந்தத் தீர்ப்பு வந்தாலும் ஒரு வீடு உடையும். ஆரம்பத்திலேயே தடுப்பதுதான் ஒரே தீர்வு.

இலங்கையும் ஐரோப்பாவும்

1970, 80-களில் இலங்கையில் இருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்து போனார்கள். நீதிமன்றத்தில் பெற்ற தாயாக நடிக்கக் கூலிக்குப் பெண்களை அழைத்து வந்ததை, 2017-ல் நெதர்லாந்தின் செம்ப்ளா டிவி நிகழ்ச்சி அம்பலப்படுத்தியது. 1973 முதல் 1997 வரை சுமார் 900 இலங்கைக் குழந்தைகளைப் பெற்றுக்கொண்ட சுவிட்சர்லாந்து, முறைகேடுகளைத் தடுக்கத் தவறியதற்காக 2020-ல் வருத்தம் தெரிவித்தது.

அந்தக் குழந்தைகளில் பலருக்கு இப்போது 40 வயதுக்கு மேல். அம்மாவைத் தேடி இலங்கைக்கு வருகிறார்கள். கையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரே பொய் என்றால், தேடல் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

உலக அளவில் காற்று திசைமாறியதற்கு இதுதான் காரணம். நெதர்லாந்து 2021-ல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது, 2024-ல் படிப்படியாக முழுசாகவே கைவிட முடிவெடுத்தது. சீனாவும் 2024-ல், உறவினர் தத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, வெளிநாட்டவருக்குக் குழந்தைகளைத் தருவதை நிறுத்திவிட்டது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

1984-ல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் முதன்முதலில் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்கு விதிமுறைகள் வகுத்தது. 2003-ல் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா முழுமையாக இணைந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும், 2022-ம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளும். எல்லாவற்றையும் கவனிக்கும் மத்திய அமைப்பின் பெயர் 'காரா'.

சிம்பிளா சொன்னா, இந்தச் சட்டம் முதலில் கேட்கும் கேள்வி 'குழந்தை யாருக்கு வேண்டும்?' என்பது இல்லை. 'இந்தக் குழந்தைக்கு யாராவது இருக்காங்களா?' என்பதுதான்.

* பெற்றவர்களே குழந்தையை ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற 60 நாள் அவகாசம்.
* கைவிடப்பட்ட குழந்தை என்றால் பெற்றோரைத் தேட வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்துக்கொடுக்கலாம் என்று அறிவிக்க 2 மாதம், அதற்கு மேற்பட்ட வயது என்றால் 4 மாதம்.
* அதன் பிறகும் முதலில் இந்தியாவில் உள்ளவர்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கும்தான் வாய்ப்பு. 60 நாளில் யாரும் வராவிட்டால்தான் வெளிநாட்டவருக்கு.

2024-25-ல் இந்தியாவில் 4,515 குழந்தைகள் தத்துக்கொடுக்கப்பட்டார்கள். அதில் 4,155 பேர் உள்நாட்டிலேயே வீடு கண்டவர்கள்.

இந்தியர் ஒருவர் ஆப்பிரிக்கக் குழந்தையைத் தத்தெடுக்க வழியே இல்லையா?

இருக்கு. வேலைக்காக உகாண்டா, தான்சானியா, நைஜீரியா பக்கம் போயிருக்கும் இந்தியர்களுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை.

முதலில், அந்த நாட்டின் சட்டப்படி அங்கேயே தத்தெடுப்பு முழுமையாக முடிய வேண்டும். பல நாடுகளில் தத்தெடுப்பவர் அங்கே குறிப்பிட்ட காலம் தங்கியிருக்க வேண்டும். உகாண்டாவில் குறைந்தது ஓராண்டு. மலாவியில் 2009-ல் மடோனாவின் இரண்டாவது தத்தெடுப்பு மனுவையே, அங்கே வசிக்கவில்லை என்று சொல்லி ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில்தான் அனுமதி கிடைத்தது.

அந்த நாடு ஹேக் உடன்படிக்கையில் இருந்தால், காராவின் ஒப்புதலும் வேண்டும். பிறகு இந்தியத் தூதரகம் ஆவணங்களைச் சரிபார்த்து, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள அந்தக் குழந்தைக்கு விசா தரும். உள்துறை அமைச்சகத்தின் குடியேற்ற அனுமதியும் தேவை.

சொந்தக்காரர் குழந்தை என்றாலும் இதே கதைதான். அமெரிக்காவில் பிறந்த உறவினர் குழந்தையை இங்கே தத்தெடுக்க அனுமதி கேட்ட தம்பதிக்கு, 2025 ஜூலையில் பாம்பே உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தையைத் தத்தெடுப்பது இந்தியர்களுக்கு அடிப்படை உரிமை இல்லை, முதலில் அமெரிக்கச் சட்டப்படி முடித்துவிட்டு வாருங்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

செவிலிமேட்டில் இருக்கும் ஒரு தம்பதி என்ன செய்யலாம்?

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் பட்டுத்தறி வைத்திருக்கும், கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லாத ஒரு தம்பதியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இவர்கள் ஆப்பிரிக்காவுக்கும் போக வேண்டாம், புரோக்கரையும் தேட வேண்டாம்.

* காரா இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்யலாம். வழி தெரியாவிட்டால் காஞ்சிபுரம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம்.
* அங்கீகாரம் பெற்றவர்கள் வீட்டுக்கே வந்து விசாரித்து அறிக்கை தருவார்கள். சொந்த வீடு, பெரிய சம்பளம் எல்லாம் கட்டாயம் இல்லை. குழந்தையை வளர்க்கும் அளவுக்கு நிலையான வருமானமும், உடல், மன நலமும் பார்க்கப்படும்.
* திருமண வாழ்க்கை குறைந்தது 2 வருஷமாவது நிலையாக இருந்திருக்க வேண்டும். 2 வயது வரையிலான குழந்தை என்றால், கணவன், மனைவி வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. குழந்தையின் வயது கூடக் கூட இந்த வரம்பும் கூடும்.
* தனியாக இருக்கும் பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ தத்தெடுக்கலாம். தனியாக இருக்கும் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது.
* இறுதி உத்தரவு தருவது மாவட்ட ஆட்சியர். 2022 செப்டம்பருக்கு முன் இது நீதிமன்றத்தின் கையில் இருந்தது.

பிறந்த குழந்தைதான் வேண்டும் என்று நிற்காமல், வயது கூடிய குழந்தையையோ சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தையையோ ஏற்கத் தயார் என்றால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். பல குழந்தைகள் வெளிநாட்டுக்குப் போவதே, இங்கே அவர்களை ஏற்க யாரும் முன்வராததால்தான். வெளிநாட்டுத் தத்தெடுப்பே கூடாது என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாததற்கும் இதுதான் காரணம். கதவை மொத்தமாக அடைத்தால், இந்தக் குழந்தைகள் 18 வயது வரை காப்பகத்திலேயே இருக்க வேண்டியதுதான்.

குறுக்கு வழியில் போனால்?

2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில், ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று விலை பேசும் ஆடியோ வெளியாகித் தமிழ்நாட்டையே உலுக்கியது. பேசியவர் ஓய்வுபெற்ற மருத்துவமனை ஊழியர். 'பர்த் சர்டிபிகேட்டோட தர்றோம்' என்பதுதான் இதுபோன்ற கும்பல்களின் தூண்டில்.

சட்டத்தை மீறித் தத்தெடுத்தாலோ கொடுத்தாலோ 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையை விற்றாலோ வாங்கினாலோ 5 ஆண்டு வரை கடுங்காவல். மருத்துவமனை ஆட்கள் செய்தால் 3 முதல் 7 ஆண்டு. இப்படி ஏதாவது காதில் விழுந்தால் 1098-க்குப் போன் செய்து சொல்லலாம்.

தண்டனையை விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கு. குறுக்கு வழியில் வந்த குழந்தையை எந்த நாளிலும் அதிகாரிகள் மீட்டுக்கொண்டு போகலாம். போகாவிட்டாலும், 18 வயதில் அந்தப் பிள்ளை "நான் யாரு?" என்று கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு உண்மையான காகிதம்கூட இருக்காது. முறைப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு, வளர்ந்த பிறகு தன் பூர்வீகத்தைத் தேட விதிமுறையிலேயே வழி இருக்கிறது.

சங்க இலக்கியத்தில் பெற்றவளுக்கு நற்றாய் என்று பெயர், வளர்த்தவளுக்குச் செவிலித்தாய் என்று பெயர். ஒருத்தி வந்ததால் இன்னொருத்தி காணாமல் போவதில்லை. இன்றைய தத்தெடுப்புச் சட்டம் தாமதமாக நகர்வதாகத் தெரிந்தாலும், அதில் உள்ள 60 நாளும் 4 மாதமும் அந்த முதல் தாய்க்காக ஒதுக்கப்பட்டவை. ஆப்பிரிக்காவாக இருந்தாலும் காஞ்சிபுரமாக இருந்தாலும், 'சீக்கிரம் குழந்தை வாங்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது விலையை இல்லை. "இந்தக் குழந்தையோட அம்மா எங்கே?" என்று கேட்க வேண்டும். அதற்கு ஒழுங்கான பதில் வரவில்லை என்றால், அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.