சோதித்துப் பார்க்க ஓர் அழைப்பு



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலியை முடித்துக்கொண்டு பங்கு அலுவலகத்தில் வந்து அமர்ந்தோம். கணினியைத் திறந்தபோது, முன்பின் அறியாத முகவரியிலிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்திருந்தது. பேசும் தமிழைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் மென்பொருள் ஒன்றை ஒரு நிறுவனம் உருவாக்கி வருகிறதாம். அஃது இன்னும் வெளியிடப்படவில்லையாம். வெளியிடுமுன் அதனைப் பயன்படுத்திக் குறைநிறைகளை எடுத்துரைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருள் நாமும் ஒருவராம்!

உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: நம் உள்ளம் குளிர்ந்தது. மணவாள நகரில் ஐம்பதைக் கடந்து வாழும் ஒரு பங்குக் குருவையும் தேடிப் பிடித்திருக்கிறார்களே என்று பெருமிதம் கொண்டோம். நம் பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகள் செல்லரித்து வருகின்றன. அவற்றை நாம் உரக்கப் படித்தால் இம்மென்பொருள் எழுதிக்கொள்ளுமே என்று திட்டமும் தீட்டிவிட்டோம். இணைப்பை அழுத்தக் கை நீண்டது. அவ்வேளையில், கோயில் கணக்கு எழுத வரும் இளைஞர் பின்னால் நின்று கேட்டார்: "சாமி, இதுக்கு நீங்க எப்பவாவது பேர் கொடுத்திருந்தீங்களா?"

கொடுத்ததாக நினைவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டோம்.

இத்தகைய அழைப்புகள் எல்லாமே பொய் என்று எவரும் கருதிவிட வேண்டாம். மென்பொருள் உலகில் இது நெடுநாளைய வழக்கம். செய்தவர்கள் தங்களுக்குள்ளேயே சோதிப்பதை 'ஆல்பா' என்றும், வெளியாரிடம் கொடுத்துச் சோதிப்பதைப் 'பீட்டா' என்றும் அழைக்கிறார்கள். கிரேக்க நெடுங்கணக்கின் முதலிரண்டு எழுத்துகள் இவை. காக்களூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதனை விளக்கவே தேவையில்லை. இயந்திரத்திலிருந்து வரும் முதல் உருப்படியை அளந்து பார்த்து, சரியென்று கண்ட பின்னரே மற்றவற்றை ஓட்டவிடுவது அவர்கள் அன்றாடம் காண்பதுதானே?

இதற்கு நல்லதொரு சான்றும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் கூகுள் நிறுவனம் ஜிமெயில் சேவையை அறிவித்தது. பிறர் இரண்டு, நான்கு மெகாபைட் இடம் கொடுத்துவந்த காலத்தில் ஒரு ஜிகாபைட் தருவதாகக் கூறவே, முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் எண்ணினர். அழைப்புப் பெற்றோர் மட்டுமே அதனுள் நுழைய முடிந்தது. அவ்வழைப்புகளைச் சிலர் விலை கொடுத்தும் வாங்கினர். 'பீட்டா' என்ற அடைமொழியை அந்நிறுவனம் நீக்கியது 2009 ஜூலையில்தான். ஐந்தாண்டுகளுக்கு மேலாகச் சோதனைப் பொருளாகவே அது விளங்கியது!

அதே ஏப்ரல் 1 அன்றுதான், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை கூகுளில் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். ஜிமெயிலைப் பற்றி என்ன கருதுகிறீர்கள் என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டனர். அவரோ அதனைக் கண்ணால் கண்டதுமில்லை. வேடிக்கை அறிவிப்பென்றே எண்ணியிருந்தார். நான்காவதாக வந்தவர், பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டபோது, இல்லை என்று சொன்னார். அவர் அதனைத் திறந்து காட்டினார். அடுத்து வந்தவர் கேட்டபோதுதான் கருத்துச் சொல்ல இயன்றது. பின்னாளில் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற அவரே, 2017-இல் காரக்பூர் ஐ.ஐ.டி. மாணவரிடையே இதனை நினைவுகூர்ந்தார். காணாததைக் கண்டதாகச் சொல்லாமை, கண்டபின் கண்டவாறு சொல்லுதல் ஆகிய இரண்டும் சோதிப்பவருக்கு இன்றியமையாதவை.

நிற்க. இந்நல்வழக்கத்தின் போர்வையில் ஓநாய்களும் புகுந்துவிட்டன. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. புலனாய்வு அமைப்பு இது குறித்து வெளிப்படையாக எச்சரித்தது. வஞ்சகர் முதலில் இணையத்தில் நட்புப் பாராட்டுகின்றனர். பின்னர், இன்னும் வெளிவராத செயலி என்று கூறி ஒன்றை அனுப்புகின்றனர். கடைக்கு வரும் செயலிகளுக்குரிய முழுப் பரிசோதனைக்கு இவை உட்படுவதில்லை. ஆகவே உள்ளே நஞ்சை ஒளித்துவைப்பது எளிதாகிறது. அதனை ஏற்றுக்கொண்ட கைப்பேசியிலிருந்து வங்கி விவரமும் பணமும் களவு போகின்றன.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? நம் பங்கிலேயே இது நடந்திருக்கிறது. பெயரைக் குறிப்பிடாமல் எழுதுங்கள் என்று அவ்விளைஞரே கேட்டுக்கொண்டதால் எழுதுகிறோம். ஒப்பந்தத் தொழிலாளர் அவர். வயது இருபத்து நான்கு. வெளிவராத செயலியைச் சோதித்தால் ஊதியம் என்றோர் அழைப்பு அவருக்கு வந்தது. முதல் வாரத்தில் எண்ணூறு ரூபாய் கணக்கில் விழுந்தது. நம்பிக்கை பிறந்தது. அடுத்த நிலைக்குச் செல்ல முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினார். கட்டியதை மீட்க மேலும் கட்டச் சொன்னார்கள், கட்டினார். தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கென வைத்திருந்த அறுபத்திரண்டாயிரம் ரூபாயும் கரைந்தது.

பணம் போனதைவிட நம்மை வருத்தியது வேறொன்று. அவர் பதினொரு நாள் வாய் திறக்கவில்லை. "இதுகூடத் தெரியாதா என்று அப்பா கேட்பாரே" என்ற அச்சம். பிள்ளை சரியாக உண்பதில்லை என்று தாயார் நம்மிடம் வந்து கண்ணீர் விட்ட பின்னரே செய்தி வெளிப்பட்டது. பண மோசடியைத் தெரிவிக்க 1930 என்ற தொலைபேசி எண் நாடு முழுவதற்கும் இயங்குகிறது. நடந்த சில மணி நேரத்துக்குள் அழைத்தால், பணம் கைமாறிக் கைமாறி மறையுமுன் வங்கிகள் அதனைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. பதினொரு நாள் கழித்து அழைத்தபோது, ஒரு சிறு பகுதியே தடுக்கப்பட்டது. பெற்றோரே, நம் வீடுகளில் "ஏமாந்துவிட்டேன்" என்று ஒரு பிள்ளை அஞ்சாமல் சொல்ல முடிகிறதா? இக்கேள்வியை இன்றிரவு உணவு வேளையில் எண்ணிப் பாருங்கள்.

திருவள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராயாமல் நம்புவதும் பிழை. ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறுவதும் பிழை. பொருளைச் சோதிக்குமுன் அழைத்தவரைச் சோதியுங்கள். வந்த இணைப்பை அழுத்தாதீர்கள். நிறுவனத்தின் பெயரை நீங்களே தேடி, அவர்களுடைய சொந்தத் தளத்தின் வழியாகக் கேளுங்கள். சோதனைக்கென்று பணம் கட்டச் சொன்னால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் செயலிக்குக் கடவு எண்ணும் தெரிந்துவிடும் என்பதை மறவாதீர்கள். வங்கிக் கணக்குள்ள கைப்பேசியில் சோதனை வேண்டாம்.

இவ்வழியையே நாமும் பின்பற்றினோம். நிறுவனத்தின் தளத்தில் கண்ட முகவரிக்குத் தனியே எழுதினோம். மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. அழைப்பு மெய்தான். முன்பொரு கருத்தரங்கில் நாமே முகவரி எழுதிக் கொடுத்திருந்தோமாம், நாம்தான் மறந்துவிட்டோம்!

ஆயினும் திருமுழுக்குப் பதிவேட்டைத் திறக்கவில்லை. அதிலுள்ள பெயர்களும் பிறந்த நாள்களும் பெற்றோர் விவரங்களும் உங்களுடையவை. நம்மை நம்பி ஒப்படைத்தவை. பிறருடைய உடைமையை வைத்துச் சோதனை செய்ய நமக்கு உரிமை இல்லை. எனவே நம்முடைய பழைய மறையுரை ஒன்றைப் படித்துக் காட்டினோம். 'மணவாள நகர்' என்று நாம் சொன்னதை அது 'மனவால நகர்' என்று எழுதிற்று. நம் ஊர் பெயரையே மாற்றிவிட்டதே என்று சிரித்துக்கொண்டு, பிழைகள் அனைத்தையும் வரிசையாக எழுதி அனுப்பினோம். குறையை மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்று பதில் வந்துள்ளது.

அறுபத்திரண்டாயிரம் இழந்த அவ்விளைஞரும், தம் பிழையை மறைக்காமல் சொல்ல முன்வந்திருக்கிறார். வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடைபெறும் இளையோர் கூட்டத்தில் அவரே பேசுவார். பெற்றோரும் வாருங்கள். அவர் பேசும்போது யாரும் நகைக்க வேண்டாம். அன்று நம் கையும் இணைப்பின் மேல்தான் இருந்தது.