சாயம் போன பட்டத் திருவிழா

விஸ்வகர்மா பூஜையன்று கொல்கத்தாவின் வானம் பட்டங்களுக்கே சொந்தம். பெரும்பாலும் செப்டம்பர் 17. கப்பல் கட்டும் கார்டன் ரீச்சில் இயந்திரங்களுக்கு மாலை போட்ட கையோடு மொட்டைமாடிக்கு ஏறுவார்கள். 1856இல் ஆங்கிலேயரிடம் அவத் ராஜ்யத்தை இழந்த நவாப் வாஜித் அலி ஷா இங்குள்ள மேட்டியாபுரூஸில் குடியேறினார். பட்ட மோகமும் அவரோடு வந்ததாகச் சொல்வார்கள். அவர் வளர்த்த மிருகக்காட்சிச் சாலை போய்விட்டது. பட்டம் தங்கியது.

தங்கியதன் லட்சணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இரண்டு வண்ணத் தாளை ஒட்டிச் செய்யும் ‘பேட்காட்டி’ பட்டத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூங்கில் குச்சியை இழைத்து இழைத்து, இரு பக்கமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று விரலாலேயே எடை பார்த்திருப்பார்கள். இன்று கடைகளில் தொங்குவதோ கார்ட்டூன் படம் அச்சிட்ட பிளாஸ்டிக். நூல் அதைவிட மோசம். சோற்றுக் கஞ்சியும் கண்ணாடித் தூளும் பூசிய பருத்தி மாஞ்சா இழுத்தால் அறுந்துவிடும். நைலான் அறாது, கழுத்தைத்தான் அறுக்கும். 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்க நைலான் நூலுக்குத் தடை விதித்தும் விற்பனை நிற்கவில்லை. சென்னையில் மாஞ்சாவுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த நமக்கு இந்த ஆத்திரம் புரியும். பட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பருத்தி நூலையும் தாள் பட்டத்தையும் செய்கிற கைகளுக்கு, பூஜைக்கு முந்தைய மாதமாவது கட்டுப்படியாகும் விலை கொடுங்கள். ஒரு பட்டம் அறுந்ததும் ‘போ-காட்டா!’ என்று மாடிக்கு மாடி எழும் கூச்சலை அடுத்த தலைமுறையும் பயமின்றிக் கேட்கட்டும்.